பாட்டுக்குப் படம் எழுதுவோம்

(சங்கரன்கோவிலில் நடைபெற்ற வெள்ளிவிழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் இசைக் காணொளியைப் பற்றிப் பேசுவதா என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதில் தவறில்லை. பிள்ளைகளுக்குக் குறிப்பேடு வாங்கித் தருவதும், தேர்வுக் கட்டணம் கட்டுவதும், மாலை வேளையில் பாடம் சொல்லிக் கொடுப்பதுமே நம் முதற்கவலையாக இருந்தன. அக்கவலை இன்றும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் இன்று நம் தெருக்களில் பாட்டுக் கட்டும் இளைஞர்கள் தோன்றியிருக்கிறார்கள். கைப்பேசி ஒன்றையே துணையாகக் கொண்டு இசை அமைக்கிறார்கள். அவர்களிடம் குரல் இருக்கிறது, தாளம் இருக்கிறது, நாட்டுக்குச் சொல்ல வேண்டிய செய்தியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டைப் படமாக்கித் தரும்படி கேட்டு, பொருள் உள்ளவரிடமோ கருவி உள்ளவரிடமோ சென்று நிற்கும்போது அவர்கள் கையில் ஒன்றும் இருப்பதில்லை. வெறுங்கையோடு செல்கிறார்கள், வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அந்தக் கைகளில் ஒரு தாளைக் கொடுப்பதே என் இன்றைய நோக்கம்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, பறையை மையமாகக் கொண்ட ஒரு பாடலைப் படமாக்கும் ஆவலோடு நானும் இரு நண்பர்களும் வெளியூரில் இருந்த ஒரு படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்றோம். ஊரையும் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. பாடலைப் பாடிக் காட்டினோம். அவர் தலையசைத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும், "நல்லாயிருக்கு தம்பி. ஒரு சாவு வீடு, முன்னாலே நாலு பேர் குடிச்சிட்டு ஆடுறாங்க, அப்படித் தொடங்கிடலாம்" என்றார். எங்கள் பாடலில் சாவும் இல்லை, குடியும் இல்லை. விதைப்புக்கு முன் ஊரைக் கூட்டும் பறையைப் பற்றியே நாங்கள் எழுதியிருந்தோம். அவர் எங்களை இழிவு செய்ய வேண்டும் என்று எண்ணிப் பேசவில்லை. பறை என்ற சொல்லைக் கேட்டவுடன் அவர் மனத்தில் எழுந்த படம் அதுதான். எங்கள் படம் எது என்று காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. ஆகவே அவருடைய படம் அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொண்டது.

தோழர்களே! அன்று நான் கற்ற பாடத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். நாம் வரையாமல் விட்ட கட்டத்தை மற்றவர் வரைந்து நிரப்பிவிடுவர். நூற்றாண்டுகளாக நம்மைப் பற்றிய சித்திரங்கள் அவ்வாறுதான் நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன.

பாட்டுக்குரிய காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, வரிசையாக அடுக்கிக் காட்டும் முறையைத் திரையுலகத்தார் ஸ்டோரிபோர்டு என்று வழங்குகின்றனர். நாம் அதனைக் கதைப்பலகை என்று சொல்லலாம். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியின் நிலையத்தில் இம்முறை உருப்பெற்றது. ஒவ்வொரு காட்சியையும் தனித் தாளில் வரைந்து, அத்தாள்களைப் பெரிய பலகையில் வரிசையாகக் குத்தி வைத்தனர். கதை எங்கே தளர்கிறது, எந்தக் காட்சி இடம் மாற வேண்டும் என்பது அனைவர் கண்ணுக்கும் ஒரே நோக்கில் புலப்பட்டது. பெயர் வந்த வரலாறும் அதுவே.

வரிசைப்படுத்திய படங்களால் கதை சொல்லும் கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. நம் நெல்லைச் சீமையில் திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்நிலைகளில், சுவரெங்கும் கதைகள் ஓவியங்களாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. அத்தகைய கோபுரங்களைத் தெருவோரத்தில் நின்று அண்ணாந்து பார்க்க மட்டுமே நம் பாட்டனார்க்கு உரிமை இருந்த காலம் ஒன்று இருந்தது. சென்னை மாகாணத்தின் 1947ஆம் ஆண்டு ஆலய நுழைவுச் சட்டம் அந்த வாயிலைத் திறந்தது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். சுவர் நம்முடையதாக இல்லாத காலம் போயிற்று. இன்று ஒரு வெள்ளைத் தாளே நமக்குப் போதுமான சுவர்.

தாளில் எழுதிய படங்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வங்கத்தின் சத்யஜித் ரே ஒரு சிறந்த சான்று. விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணிபுரிந்த அவர், 'பதேர் பாஞ்சாலி' படத்துக்கான காட்சிகளை மையால் சிறுசிறு ஓவியங்களாகத் தீட்டி, அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர்களின் வாயில்களில் ஏறி இறங்கினார். பலர் மறுத்தனர். அவர் தம் காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தார். மனைவியின் நகைகளும் அடகுக்குச் சென்றன. இறுதியில் மேற்கு வங்க அரசின் பொருளுதவியால் 1955இல் படம் வெளிவந்தது. படம் காட்டிய உடனே பணம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை என்பதை இதனால் அறிந்துகொள்ளுங்கள். ஆயினும் அத்தனை மறுப்புகளுக்கு இடையிலும் ரேயின் படம் ரேயின் படமாகவே நின்றது. அதே காலத்தையொட்டி, சிதார் மேதை ரவிசங்கரைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்கக் கருதி, இசைக்கேற்ற காட்சிகளை முப்பது பக்கங்களுக்கு மேல் வரைந்து வைத்தார். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. ஆனால் அவ்வரைவு அழியவில்லை. 2014இல் நூலாகவே வெளிவந்தது. எடுக்காத படமும் தாளில் உயிர் வாழ்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இசைக் காணொளி வெறும் கேளிக்கை என்று கருதுவோர்க்கு இரண்டு செய்திகள். கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. நஞ்சினால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்கள் நெடுங்காலம் போராடினர். 2015இல் சோபியா அஷ்ரப் பாடிய ஒரு காணொளி அந்த வழக்கை உலகின் செவிகளுக்குக் கொண்டு சென்றது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. வெற்றி தொழிலாளரின் போராட்டத்துக்கு உரியது. பாட்டு அதற்குக் கொம்பு ஊதியது. மற்றொன்று, சென்னையில் 2018 ஜனவரி 6ஆம் நாள் முதன்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் உருவான அக்குழு, அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்தைத் தன் பெயராக்கிக்கொண்டது. அக்குழுவில் பாடிய அறிவு, 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலின் வழியாக உலகெங்கும் அறியப்பட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளே அப்பாடலின் ஊற்று என்று அவர் கூறியிருக்கிறார். அதே ஆண்டில் ஓர் ஆங்கில இசையிதழ் அப்பாடலைக் குறிப்பிட்டு அட்டைப்படம் வெளியிட்டபோது, அதில் அறிவின் முகம் இல்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே அவர் முகத்தோடு இணைய அட்டை ஒன்று வெளியாயிற்று. பாட்டு உலகை வென்ற பிறகும், முகத்தைக் கட்டத்துக்குள் கொண்டுவரக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது! கட்டத்துக்குள் யார் இருக்க வேண்டும் என்ற கேள்வி நமக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனிச் செய்முறைக்கு வருவோம். "எனக்குப் படம் வரைய வராதே" என்று எவரும் தயங்க வேண்டா. தலைக்கு ஒரு வட்டம், உடலுக்கு ஒரு கோடு, கைகால்களுக்கு நான்கு கோடுகள், இவை போதும். கதைப்பலகை அழகுக்காக வரையப்படுவதன்று, புரிவதற்காக வரையப்படுவது. பழைய திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் 16 பங்கு அகலமும் 9 பங்கு உயரமும் உள்ள ஒரு கட்டம் போடுங்கள். எட்டு சென்டிமீட்டர் அகலம், நாலரை சென்டிமீட்டர் உயரம் என்றால் அளவு சரியாக அமையும். தொலைக்காட்சித் திரையின் வடிவம் அதுவே. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவர்க்கான காணொளி என்றால் கட்டத்தையும் நிமிர்த்துங்கள். கட்டத்தின் கீழே மூன்று வரிகள்: எந்த நொடி முதல் எந்த நொடி வரை, அப்போது ஒலிக்கும் பாடல் வரி அல்லது இசை, காட்சி நிகழும் இடமும் பொழுதும்.

காட்சியின் தொலைவு மூவகைப்படும். தெருவும் வானும் தெரிய மனிதர் சிறிதாகத் தெரிவது தூரக் காட்சி. இடுப்பு வரை தெரிவது நடுக்காட்சி. முகம் மட்டுமோ கை மட்டுமோ கட்டத்தை நிரப்புவது அண்மைக் காட்சி. மனிதர் நகர்ந்தால் கட்டத்தின் உள்ளே ஓர் அம்புக்குறி. கேமரா நகர்ந்தால் கட்டத்தின் வெளியே ஓர் அம்புக்குறி. இலக்கணம் இவ்வளவே.

படம் வரைவதற்கு முன்பு பாட்டை அளந்துகொள்ள வேண்டும். நாம் ஒரு பாடலைக் கற்பனை செய்துகொள்வோம். நம் சங்கரன்கோவில் பூச்சந்தையை அறியாதவர் உங்களில் இல்லை. விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிக்கச் செல்லும் ஒரு தாயையும், பள்ளிக்குச் செல்லும் அவள் மகளையும் பற்றிய பாடல் என்று கொள்வோம். நீளம் 3 நிமிடம் 20 நொடி; அதாவது 200 நொடி. நிமிடத்துக்கு 96 தட்டு என்ற வேகத்தில் நான்கு தட்டு ஒரு சுற்று. எட்டுச் சுற்றுக்கு 20 நொடி ஆகும். முன்னிசை 20, பல்லவி 20, இடையிசை 20, முதற்சரணம் 40, பல்லவி 20, இரண்டாம் சரணம் 40, பல்லவி 20, முடிவிசை 20. கூட்டினால் 200. இருபது நொடிக்கு ஒரு கட்டமாகப் பத்துக் கட்டங்கள். படப்பிடிப்பில் ஒவ்வொரு கட்டமும் பல துண்டுகளாகப் பிரியும். எடுத்துரைப்பதற்கு இப்பத்தே போதும்.

முதற்கட்டத்தில் இருள். செடிகளுக்கிடையே ஒரு டார்ச் விளக்கின் ஒளி நகர்கிறது. இரண்டாவதில் மொட்டைக் கிள்ளும் விரல்கள், அண்மைக் காட்சியில். மூன்றாவதில் மடி நிறைகிறது. நான்காவதில் வீட்டில் மகள் விளக்கருகே படிக்கிறாள். ஐந்தாவதில் தாய் பூ மூட்டையோடு பேருந்துக்கு நிற்கிறாள். முதுகுப்புறம் மட்டும் தெரிகிறது. ஆறாவதில் சந்தையின் தராசு. ஒரு சிட்டை அவள் கைக்கு வருகிறது. ஏழாவதில் அந்தப் பூ மணமேடைக்கும், கோவிலுக்கும், அரசியல் மேடைக்கும் போகிறது. எட்டாவதில் வகுப்பறையில் மகளின் பெயர் அழைக்கப்படுகிறது. அவள் எழுந்து நிற்கிறாள். ஒன்பதாவதில் மாலையில் அவள் அந்தச் சிட்டையை வாங்கிப் பார்க்கிறாள், விரல்விட்டுக் கூட்டுகிறாள், எடையும் விலையும் பொருந்தவில்லை. பத்தாவதில் மறுநாள் விடியல், அதே தராசு. தாய் சிட்டையை நீட்டி நிற்கிறாள், பக்கத்தில் மகள். இதுவரை காட்டாத தாயின் முகம் இப்போதுதான் கட்டத்தை நிரப்புகிறது. அந்த முகத்தில் கண்ணீர் இல்லை, கேள்வி இருக்கிறது.

இந்தப் பத்து அட்டைகளையும் தரையில் பரப்பிப் பாருங்கள். முதலில் வரையும்போது நம் கை, தாயைக் குனிந்து அழும் உருவமாகத்தான் வரையத் துணியும். நாம் பார்த்துப் பழகிய படங்கள் அத்தகையவை. அழுகையைக் காட்டலாகாது என்று நான் சொல்லவில்லை. வரையும் கை நம்முடையதாக இருந்தும், பார்க்கும் கண் அயலாருடையதாக இருந்துவிடலாகாது என்று சொல்லுகிறேன். தாளில் ஒரு தவறு நேர்ந்தால் அடுத்த அட்டையை எடுத்து வேறு படம் வரையலாம். திரையில் வந்துவிட்ட பிறகு திருத்த வழியில்லை.

பணக்கணக்கையும் இந்த அட்டைகளே சொல்லும். ஏழாவது கட்டத்தில் மணமேடை, கோவில், அரசியல் மேடை என மூன்று இடங்கள் வருகின்றன. மூன்றுக்கும் ஆள் வேண்டும், ஒப்புதல் வேண்டும், ஒரு நாளும் கூடுதலாக வேண்டும். அதற்கு மாறாக, தொடுத்த பூவைப் பல கைகள் வந்து வாங்கிச் செல்வதாக ஒரே அண்மைக் காட்சியில் காட்டினால்? ஒரு கையில் வளையல், ஒரு கையில் கயிறு, ஒரு கையில் கடிகாரம். செலவு குறைந்தது, பொருளும் கூர்மை பெற்றது. இந்த வித்தையைத் தாளில் கண்டுபிடித்தால் செலவில்லை. படப்பிடிப்பு நாளன்று கண்டுபிடித்தால் வாடகைக்கு வந்த கேமரா காத்துக் கிடக்கும்.

அடுத்து ஒரு சோதனை. பாடலை ஒலிக்கவிட்டு, அட்டை அட்டையாக விரலை நகர்த்துங்கள். விரல் ஓரிடத்தில் சலித்து நின்றால் அங்கே காட்சி போதவில்லை. விரல் ஓடினால் அங்கே காட்சி மிகுதி. பாட்டு தெரியாத ஒருவரை அழைத்து, பாட்டை ஒலிக்காமல் அட்டைகளை மட்டும் காட்டிக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள அம்மாவிடமே காட்டுங்கள். பூப் பறித்தவர் பார்த்துவிட்டு, "இப்படியா மொட்டுக் கிள்ளுவாங்க?" என்று ஒரு வார்த்தை சொன்னால், அதைவிடப் பெரிய திருத்தம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

எடுத்துரைக்கும் முறையும் எளியதே. முதலில் ஒரே வாக்கியம்: "பூப் பறிக்கும் தாய்க்கு, படித்த மகள் கணக்குக் கேட்கத் துணை நிற்கிறாள்." பிறகு பாடலை ஒலிக்கவிட்டு, விரலால் அட்டைகளைத் தொட்டுக் காட்டுங்கள். பாட்டு ஒலிக்கும்போது நீங்கள் பேச வேண்டா. முடிந்ததும், எத்தனை இடம், எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு செலவு என்பதை ஒரு தாளில் காட்டுங்கள். அவரிடம் நீங்கள் வேண்டுவது பணமா, கேமராவா, படத்தொகுப்பா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். எல்லாம் ஐந்தாறு நிமிடங்களில் முடிந்துவிடும். "சாவு வீட்டிலே தொடங்கலாமா?" என்று அவர் கேட்டால், சினம் கொள்ளாமல் முதல் அட்டையைத் தொட்டு, "ஐயா, இருளில் தொடங்குகிறது, வெளிச்சத்தில் முடிகிறது" என்று சொல்லுங்கள். நல்ல திருத்தம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். நம் மாண்பைத் தொடும் கட்டத்தை மட்டும் விட்டுக்கொடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாயால் சொன்ன கருத்துக்குச் சட்டத்தில் காப்பு இல்லை. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, வெறும் கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை; அது பெற்ற வடிவத்துக்கே உரிமை உண்டு என்று தெளிவுபடுத்தியது. தாயும் மகளும் பூவும் என்று தேநீர்க் கடையில் சொல்லிவிட்டு வந்தால் அது காற்றோடு போகும். எழுதிய பாட்டும் வரைந்த பத்து அட்டைகளும் உங்கள் படைப்பு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் காப்பு அதற்கு உண்டு. அதற்குப் பதிவு செய்துகொள்வது கட்டாயமும் இல்லை. ஆயினும் ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் பாட்டு எழுதியவர், இசையமைத்தவர், வரைந்தவர் பெயர்களையும் நாளையும் எழுதுங்கள். அவற்றைப் படம் பிடித்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்தால் நாளுக்கு ஒரு சான்று கிடைக்கும். மூல அட்டைகளை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதி செய்திருக்கிறது. படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். கைநாட்டு வைத்துப் பாட்டனார் நிலத்தை இழந்த கதைகள் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. கையெழுத்துப் போட்டுப் பேரன் பாட்டை இழந்தான் என்ற கதையும் வேண்டா.

பெரியோர்களே! குறிப்பேடு வாங்கித் தந்த சங்கம் இதற்கும் ஒரு சிறு உதவி செய்யலாம். நம் படிப்பகத்தில் ஒரு பலகையை நிறுத்துங்கள். திங்களுக்கு ஒருமுறை இளைஞர்கள் தங்கள் அட்டைகளை அதில் குத்தி வைத்து, பாட்டை ஒலிக்கவிட்டு, ஊரார் முன்னிலையில் எடுத்துரைக்கட்டும். தங்கைமார்களும் சரிபாதியாக அதில் இடம் பெறட்டும். அவ்வாறு நம் தாய்மார் முன் நின்று பேசிப் பழகிய பிள்ளை, எந்த ஊர் நிலையத்திலும் நா தழுதழுக்காமல் பேசும்.

1920 ஜனவரி 31இல் அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய முதல் ஏட்டுக்கு 'மூக்நாயக்' என்று பெயர். வாயற்றோரின் தலைவன் என்பது அதன் பொருள். அந்த வாய் இன்று பாடுகிறது. பாடும் வாய்க்கு உரிய முகத்தை நாமே எழுதுவோம். தொடங்குவதற்கு வேண்டியவை ஒரு பென்சிலும் பத்து அட்டைகளும்தான். இன்றிரவே முதற்கட்டத்தை வரையுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.